நுரைச்சோலைப் புகையும் சோளகக் காற்றும்

கொழும்பில் ஒரு சிறிய சுற்றாடல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மின் நிலையங்கள் எவ்வளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன என்று கணக்கெடுப்பதுதான் என் பங்கு. வழக்கமாக அது கடதாசிக் கணக்கு: எத்தனை தொன் நிலக்கரி எரிந்தது, அதில் எவ்வளவு காபன், பெருக்கினால் விடை. ஆனால் எரித்தவர்கள் தரும் எண்ணை வைத்தே எரித்தவர்களைக் கணக்குப் பார்ப்பது எனக்கு எப்போதும் உறுத்தும், அதனால்தான் செய்மதித் தரவைக் கையில் எடுத்தேன்.

2014-இல் நாசா ஏவிய ஓசிஓ-2 செய்மதி, 705 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் எந்த நிறங்களைக் காபனீரொட்சைட்டு விழுங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. 400 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 400 பங்கு) மேல் ஏற்கெனவே இருக்கிற காற்றில், ஒரு பெரிய மின் நிலையத்தின் புகை கூட்டுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு பிபிஎம்தான். அந்தச் சின்ன மேட்டைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பயிற்சிக்கு இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் சசான் நிலக்கரி மின் நிலையத்தை எடுத்தேன். 3,960 மெகாவாட், ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே கணக்கிட்ட இடம். என் விடை அவர்களுடையதில் பாதிகூட வரவில்லை. மூன்று நாள் தரவைக் குடைந்தேன், சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கடைசியில் பிழை காற்றில் இருந்தது. தரையிலிருந்து 10 மீற்றர் உயரக் காற்றை எடுத்திருந்தேன். புகையோ சில நூறு மீற்றர் மேலே, வேகமான காற்றில் போகிறது. செய்மதி காட்டுவது அந்த நேரத்தில் காற்றில் கூடுதலாக நிற்கும் வாயுவை மட்டும்தான். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால்தான் மணிக்கு எத்தனை தொன் என்று வரும், வேகம் பாதியானால் விடையும் பாதி.

சரி, அப்புறம் நுரைச்சோலை, புத்தளம் பக்கத்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் நிலக்கரி மின் நிலையம். 900 மெகாவாட், முழுதாக ஓடினால் என் கணக்கில் நாளுக்குச் சுமார் 20 ஆயிரம் தொன். செய்மதியின் பாதை 10 கிலோமீற்றர் அகலம்தான், அதே பாதைக்கு 16 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும், வரும் நாளில் முகில் இருந்தால் அதுவும் போச்சு. எங்கள் சாரதியின் மாமா அதே கரையோரத்துக் கற்பிட்டியில் கடல் தொழில் செய்தவர், அவரிடம் தொலைபேசியில் காற்றைக் கேட்டேன். "மகள், சோளகம் எழும்பினா புகை களப்புக்கு மேலாலதான் போகும். வாடை வந்தாத்தான் கடலுக்குத் திரும்பும்" என்றார். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிப்பது, வாடை வடகிழக்கிலிருந்து. களப்பு நீர் செய்மதிக்கு இருட்டு, நேர்கீழே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலிலோ, வெயில் மினுங்கும் இடத்தை நோக்கி அது சாய்ந்து பார்க்கும் நாட்களில் அளக்கலாம்.

அதனால் வாடைக்காலத்து நாட்களை, பெப்ரவரியிலிருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.