கைக்கடிகாரத்தின் பெயர் கொண்ட நெல்

டெல்லி ரயிலில் போகும் நம்மவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் பல்லார்ஷா என்பது சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் நிலையம், அவ்வளவுதான். கடந்த நவம்பரில் நான் அங்கேயே இறங்கி, கோந்தியா செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். மூல், சிந்தேவாஹி என்று, தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காட்டையும் அறுவடை நடக்கும் வயல்களையும் மாறி மாறிக் காட்டியபடி அது நிதானமாகப் போகிறது. தளோதி ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான் தேடிப் போனது நாந்தேட். குருத்வாராவால் பெயர்பெற்ற நகரம் அல்ல, சந்திரபூர் மாவட்டம் நாக்பீட் வட்டத்தில் இருக்கும் சிற்றூர். எச்.எம்.டி. அரிசியைத் தந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடே வாழ்ந்த ஊர்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒன்றரை ஏக்கர் நிலம். 1983-இல் ‘படேல் 3’ நெல் விளைந்த வயலில், மற்றவற்றிலிருந்து மாறுபட்டு மஞ்சளாகத் தெரிந்த மூன்று கதிர்கள் அவர் கண்ணில் பட்டன. விதை நெல்லுக்காகப் பயிரிடுபவர்கள் இதைக் ‘கலவன்’ என்று சொல்லிப் பிடுங்கி எறிவார்கள், அதுதான் முறையும்கூட. அவரோ அந்த மணிகளைத் தனியே எடுத்து வைத்து, மறு பருவத்தில் வயலின் நடுவே விதைத்து, காட்டுப்பன்றி நுழையாதபடி சுற்றிலும் முள் அடைத்துக் காத்தார். ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில், பழைய ரகத்தைவிட மெல்லிய மணியும் கூடுதல் விளைச்சலும் கொண்ட நெல் நிலைபெற்றது.

நானும் ஒரு வரப்பில் குந்திக் கால்மணி நேரம் கதிர்களைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரு மணியை நகத்தால் கீறி உமியை நீக்கியபோது, ஊசிபோல் மெலிந்த அரிசி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. சில ஆயிரம் தூர்களுக்கு நடுவே மூன்று கதிரை அடையாளம் காணும் கண்ணை எந்தப் பட்டப்படிப்பு தந்துவிடும் என்று தெரியவில்லை.

1990-இல் பெருநிலக்காரர் ஒருவர் 150 கிலோ விதை வாங்கி நட்டதிலிருந்து இந்த நெல் பரவியது. சந்தைக்கு வந்தபோது அதற்குப் பெயரில்லை. அன்று எல்லோர் கையிலும் இருந்த எச்.எம்.டி. கடிகாரத்தின் பெயரை வியாபாரி ஒருவர் வைத்துவிட்டார். 1994-இல் சிந்தேவாஹி நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தாதாஜியிடம் 5 கிலோ விதை பெற்றுச் சென்றனர். 1998-இல் அது ‘பி.கே.வி. எச்.எம்.டி.’ என்று, பி.கே.வி. எனப்படும் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகமாக வெளிவந்தது. கலவன்களை நீக்கித் தூய்மைப்படுத்தியது தாங்களே என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். இருக்கட்டும், அந்த 5 கிலோ யாருடையது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா?

தாமதமாகவேனும் விருதுகள் வந்தன. 2005-இல் குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் கையால் ஒன்று பெற்றார். வறுமை மட்டும் விலகவில்லை. பக்கவாதத்தால் படுத்திருந்தவர், 2018 ஜூன் 3 அன்று கட்சிரோலி மாவட்டத்து மருத்துவமனையில் காலமானார்.

பின்னாளில் தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு அவரே பெயர் சூட்டினார்: நாந்தேட் 92, நாந்தேட் ஹீரா, தம் பெயரின் முதலெழுத்துகளால் டி.ஆர்.கே. திரும்பும் வழியில் அரிசிக் கடை ஒன்றில் டி.ஆர்.கே. கேட்டேன். கடைக்காரர் கையை விரித்துவிட்டு, எச்.எம்.டி.யில் இரண்டு கிலோ கட்டிக்கொடுத்தார்.