கால் எடுத்தால் ஓடும் வைப்பர்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை என்றால் டெட்ராய்ட் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் உட்வர்ட் அவென்யூவில்தான் இருப்பார்கள். நானும் போன வருஷம் என் 1956 ஃபோர்டு தண்டர்பேர்டை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. மழையில் ஒருநாள்கூட வெளியே எடுத்ததில்லை. ராயல் ஓக் தாண்டும்போது தூறல் ஆரம்பித்தது, வைப்பர் குமிழைத் திருப்பினேன். சோம்பேறித்தனமாக ஒரு வீச்சு வீசியது. சிக்னல் பச்சைக்கு மாறியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், இரண்டு பிளேடும் கண்ணாடிக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டன. காலை எடுத்தேன், மெதுவாகக் கீழே வந்தன. மறுபடி மிதித்தேன், மறுபடி நின்றன.

"என்னங்க இது, சரண்டர் ஆன மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்த வேலை முடிய அக்டோபர் ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் நானாக வரவழைத்துக்கொண்ட வேலை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் காரின் வைப்பருக்குக் கரண்ட் கிடையாது. இன்ஜின் காற்றை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) உண்டாகும் வேக்குவத்தில், அதாவது வெற்றிட இழுப்பில்தான் ஓடுகிறது. வைப்பர் மோட்டார் என்பது பாதி வட்டமாக ஒரு டப்பா, உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு. டப்பாவுக்குள் ஒரு பக்கம் வேக்குவம், மறுபக்கம் வெளிக்காற்று. காற்று தள்ளத் தள்ளத் தகடு நகரும். கடைசி வரை போனதும் ஒரு சின்ன வால்வு பக்கத்தை மாற்றிவிடும், தகடு திரும்பி வரும். அவ்வளவுதான் மொத்த மெஷினும். ஊரில் அடி பம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எங்கேயோ இழுக்கிறோம், அந்த இழுப்பில் வேறு எங்கேயோ ஒன்று அசைகிறது. நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் எவ்வளவு அடித்தாலும் வராது.

இதில் பிறவிக்குறை ஒன்று உண்டு. இன்ஜின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடிக்கொண்டு இருக்கும்போது வேக்குவம் நன்றாக இருக்கும், நல்ல இன்ஜினில் 17 முதல் 21 அங்குல பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு) வரை காட்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் கார்புரேட்டரின் வாய் திறந்து, வேக்குவம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதாவது மேட்டில் ஏறும்போதும் லாரியை முந்தும்போதும், எப்போது கண்ணாடி தெளிவாக வேண்டுமோ சரியாக அப்போது வைப்பர் தூங்கும். இதை யார் ஒப்புக்கொண்டு வாங்கினார்கள் என்று தோன்றும். ஆனால் 6 வோல்ட் பேட்டரிக் காலத்தில் மின்சாரத்தைச் செலவழிக்காத, விலை குறைந்த வைப்பர் என்றால் கம்பெனிகள் விடுமா. அமெரிக்காவில் இந்த மோட்டார்களைச் செய்து குவித்தது நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ ஊரின் ட்ரைகோ கம்பெனி. அதை ஆரம்பித்த ஜான் ஓய்ஷி மழையில் கார் ஓட்டிப்போய் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிய பிறகுதான் 1917இல் வைப்பர் தொழிலுக்கே வந்தார். 56இல் ஃபோர்டு 12 வோல்ட்டுக்கு மாறிய பிறகும் என் காரில் வேக்குவம் வைப்பர்தான் வந்தது. ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கம்பெனியின் சில கார்களில் எழுபதுகளின் ஆரம்பம் வரைகூட இருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் செய்த முதல் முட்டாள்தனம், வைப்பர் ஓடவில்லை என்றதும் வைப்பர் மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டியது. பகலெல்லாம் ஆபீஸில் "டேட்டா எங்கே" என்று மற்றவர்களைக் கேட்கிற வேலை எனக்கு, என் காருக்கு மட்டும் டேட்டா தேவைப்படவில்லை. ரீபில்டு செய்த மோட்டார் ஒன்றை நூற்றைம்பது டாலருக்கு மேல் கொடுத்து வரவழைத்தேன். பழையதைக் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுக்க, அதோடு வலது கை முட்டியில் கொஞ்சம் தோல். புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே சோம்பேறி வீச்சு. திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன், ஒருமுறை காரில் மாட்டினால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். இந்த மாதிரி கார்கள் புதிதாக ஓடிய காலத்தில் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். நாயோடு நடக்கும்போது என் கராஜ் வாசலில் நின்று பார்த்தார். எவ்வளவு வேக்குவம் வருகிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாயைப் பார்த்தார். மறுநாள் காலை என் கதவருகில் ஒரு பழைய வேக்குவம் கேஜும் ஒரு முழம் ரப்பர் ஹோஸும் இருந்தன.

அதற்குப் பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. முதலில் மேனிஃபோல்டிலேயே நேராக கேஜை மாட்டினேன், 18 காட்டியது, முள் ஆடாமல் நின்றது. இன்ஜின் சுத்தம். அடுத்து வைப்பர் மோட்டாருக்கு வரும் ஹோஸின் முனையைப் பிடுங்கி அதில் மாட்டினேன். 8. நடுவழியில் பத்து காணாமல் போயிருந்தது. புது மோட்டார் பாவம், பசியோடு உட்கார்ந்திருந்தது.

ஹோஸைச் சந்தேகப்பட்டேன். பழைய ரப்பர் வளையும் இடங்களில் பொடிப்பொடியாக வெடித்திருக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், மடக்கினால்தான் வாய் பிளக்கும். உள்விட்டம் 7/32 அங்குலம் என்று வைப்பருக்கென்றே ஹோஸ் விற்கிறார்கள், அதில் கொஞ்சம் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். (மெல்லிய சுவர் கொண்ட ஹோஸ் வாங்காதீர்கள், இழுப்பில் அது ஸ்ட்ராவை உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வது மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.) கேஜ் 8இலிருந்து 9க்கு வந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பிறவிக்குறையைச் சமாளிக்க அக்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பிலேயே இன்னொரு அறையைச் சேர்த்து, அதில் இன்னொரு டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வைத்து, இன்ஜினோடு சுழலும் கேம்ஷாஃப்ட் ஆட்டும் அதே லீவரால் அதையும் ஆட்டினார்கள். அந்த டயாஃப்ரம் வைப்பர் பக்கமிருந்து காற்றை இழுத்து மேனிஃபோல்டு பக்கம் தள்ளும். மேனிஃபோல்டில் வேக்குவம் நன்றாக இருக்கும்போது இது சும்மா இருக்கும், நாம் மிதித்து வேக்குவம் விழும்போது இது கைகொடுக்கும். வேக்குவம் பூஸ்டர் என்று பெயர். மேனிஃபோல்டிலிருந்து வைப்பருக்குப் போகும் பாதை இதற்குள் புகுந்துதான் போகிறது. அதாவது இது கெட்டால் மேட்டில் மட்டும் அல்ல, ஐடிலிலும் வைப்பர் படுக்கும்.

சோதிப்பது சுலபம். பூஸ்டரின் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டேன், பூஸ்டர் பாதையை விட்டே வெளியே. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியில் தண்ணீர் அடித்துக் குமிழைத் திருப்பினேன். வைப்பர் பறந்தது! சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்து பார்த்தாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நிற்கத்தான் செய்தது, அது எதிர்பார்த்ததுதான்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கழற்றிய ஹோஸில் மேனிஃபோல்டுப் பக்கம் போவதைத் துடைக்கலாம் என்று டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி உருட்டி உள்ளே விட்டு எடுத்தேன். நுனியில் நல்லெண்ணெய் நிறத்தில் ஈரம், விரலில் தேய்த்தால் வழவழ, முகர்ந்தால் இன்ஜின் ஆயில். காற்று மட்டும் போக வேண்டிய குழாயில் ஆயிலுக்கு என்ன வேலை?

கார் வாங்கியதிலிருந்தே ஐடிலில் நின்றால் சைலன்ஸரில் லேசாக நீலப்புகை வரும். ஆயில் குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், 312 கன அங்குல இன்ஜினைப் பிரித்துச் செய்ய எவ்வளவு ஆகும் என்று ராத்திரியில் கணக்குப் போட்டுப் படுத்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எட்டில் இரண்டு மட்டும் கருத்து ஈரமாக இருக்கும், மற்றவை நன்றாக இருக்கும். அது ஏன் என்று யோசித்ததில்லை. இப்போது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. பூஸ்டர் டயாஃப்ரத்துக்கு ஒரு பக்கம் மேனிஃபோல்டின் இழுப்பு, மறுபக்கம் லீவர் இருக்கும் பகுதி, அதாவது இன்ஜின் ஆயில் தெறிக்கும் இடம். நடுவில் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் இன்ஜின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சிக் குடிக்கும். பூஸ்டரை விலக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், புகை நின்றுவிட்டது. ரிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது ஒரு வட்ட ரப்பர் துண்டுக்கு.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அந்தக் காலத்தில் இதற்காகவே நல்ல இன்ஜினைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார். கேஜைத் திருப்பிக் கொடுத்தேன், வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார், இல்லை என்றேன், அப்படியானால் வைத்துக்கொள் என்றார்.

பம்பைக் கழற்றி கராஜ் மேஜையில் வைத்துப் பிரித்தேன். இரண்டு டயாஃப்ரம், வால்வுகள், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் கிடைக்கிறது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அதைத் தாங்கும் ரப்பரா என்று பார்த்து வாங்க வேண்டும், அலமாரியில் பல வருஷம் கிடந்த பழைய கிட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிரிப்பதற்கு முன்னால் பம்பின் பகுதிகள் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது குழாயின் வாய் வேறு திசையைப் பார்க்கும். வேக்குவம் பக்க மூடியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். எதிரெதிராக இரண்டு நீள ஸ்குருவைப் போட்டுக்கொண்டு, மற்றவற்றை எடுத்த பிறகு அந்த இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் மூடி சாதுவாக மேலே வரும். எனக்கு இது முதலில் தெரியாது. மூடி கராஜ் கதவில் பட்டுத் திரும்பியது, பள்ளம் இன்னும் இருக்கிறது.

உள்ளே பழைய டயாஃப்ரம் அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. நடுத்தகட்டின் ஓரத்தை ஒட்டி அரை வட்டமாக ஒரு கிழிசல், பிறை நிலா மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிந்தது.

சேர்க்கும்போது பெட்ரோல் பக்க டயாஃப்ரத்தின் ஸ்குருக்களை முதலில் லேசாக விட்டுவிட்டு, லீவரைக் கடைசி வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் எதிரெதிராக முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் இழுத்துப் பிடித்த மாதிரி உட்கார்ந்து சீக்கிரம் கிழியும். மூன்று கை வேண்டிய வேலை இது. மகன் வந்து லீவரைப் பிடித்தான், ஐந்து நிமிஷத்தில் எட்டு முறை "முடிஞ்சுதாப்பா" என்று கேட்டான்.

மாட்டிய பிறகு கேஜில் 17. ஐடிலில் வைப்பர் நன்றாக ஓடியது, ஆனால் மனசுக்குத் திருப்தியில்லை, வீச்சின் முடிவில் ஒரு தயக்கம். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு அது சுழலும் அச்சைக் கையால் திருப்பிப் பார்த்தேன், டிரைவர் பக்கம் நன்றாகத் திரும்பியது, மறுபக்கம் பழைய கிரீஸ் பிசினாகி இறுகிக் கிடந்தது. ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி விட்டதும் சரியாயிற்று. வேக்குவம் மோட்டாருக்கு மின்மோட்டார் மாதிரி பலம் கிடையாது, இந்தச் சின்ன இறுக்கமே அதற்குப் பாரம். இதைப் பூஸ்டருக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும், காசு செலவில்லாத வேலை.

அந்தப் பழைய மோட்டாரையும் சும்மா விட மனசில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். உள்தகட்டின் விளிம்பில் இருக்கும் தோல் சீல் காய்ந்து சுருங்கியிருந்தது, வேறு ஒன்றுமில்லை. ஊரில் அடி பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அதே வியாதி. சிலர் ஓட்டை வழியாக பிரேக் ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள், செய்யாதீர்கள், ஒரு துளி வெளியே சிந்தினாலும் பெயின்ட்டை உரித்துவிடும். தோலுக்கென்று விற்கும் நீட்ஸ்ஃபுட் ஆயிலைத் தடவி இரண்டு நாள் வைத்தேன், வால்வு நகரும் இடத்தில் துளி வாசலின். வாயால் உறிஞ்சிப் பார்த்தேன், தகடு டக்கென்று நகர்ந்தது. அதையே திரும்பக் காரில் போட்டேன். நூற்றைம்பது டாலர் மோட்டார் கராஜ் அலமாரியில் இருக்கிறது.

எலெக்ட்ரிக் மோட்டாருக்கு மாற்றிவிடு, கிட் விற்கிறார்களே என்று பலர் சொன்னார்கள். தினமும் மழையில் ஓட்டுகிறவர்கள் தாராளமாக மாற்றலாம், அதில் தவறொன்றும் இல்லை. நான் வருஷத்தில் நாலு மழையில் மாட்டுகிறவன். 1956இல் செய்த 15,631 தண்டர்பேர்டுகளில் ஒன்று, அதை அது பிறந்த மாதிரியே வைத்திருக்கலாம் என்று ஒரு ஆசை.

அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. சாவியை எடுத்தேன், மனைவியும் குடையோடு வந்து உட்கார்ந்தாள். ஐ-75 ஹைவேயில் ஏறும் மேட்டில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன். வைப்பர் வேகம் குறைந்தது, இழுத்து இழுத்து வீசியது, நிற்கவில்லை. மேலே போய்க் காலைத் தளர்த்தியதும் பைத்தியம் பிடித்த மாதிரி வேகமாக ஆடியது.

"இப்ப ரொம்ப ஸ்பீடா போகுதே, இதைக் குறைக்க முடியாதா?" என்றாள்.