குமரி மண்ணில் டிரெஸ்ஸாஜ் கற்க எந்தக் குதிரை?

சவாரிக்காரரின் நுட்பமான சைகைக்கேற்பக் குதிரையைத் தாளம் தவறாமல் நடத்திக்காட்டி மதிப்பெண் பெறும் போட்டியான டிரெஸ்ஸாஜ் கற்க ஆசைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த இனக் குதிரையை வாங்கலாம் என்பதைத்தான். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் அணிப் பிரிவில் தங்கம் வென்று, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளாக இந்தியாவுக்குக் கிட்டாதிருந்த தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்த பிறகு, இந்தக் கேள்வி நாகர்கோவிலிலும் தக்கலையிலும் கேட்கிறது. அவர்கள் ஐரோப்பாவில் தங்கி, அங்கே விளையாட்டுச் சவாரிக்கென வளர்க்கப்பட்ட வார்ம்பிளட் இனக் குதிரைகளில் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு கற்கத் தொடங்குபவருக்கு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, நடை நன்றாக உள்ள, காயடிக்கப்பட்ட தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) ஆண் குதிரையே பொருத்தமானது.

வார்ம்பிளட்டின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஹனோவேரியன், ஓல்டன்பர்க், டிரேக்கேனர், டச்சு வார்ம்பிளட் முதலிய இனங்களில் எந்தக் குதிரை இனப்பெருக்கத்துக்குத் தகும் என்பதை நடையையும் உடலமைப்பையும் குணத்தையும் சோதித்தே தீர்மானிக்கிறார்கள். அந்தத் தேர்வு தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. 2014 டிசம்பரில் லண்டனில் சார்லட் டுஜார்டின் சவாரியில் 94.3 விழுக்காடு மதிப்பெண் பெற்று உலக சாதனை படைத்த வலேக்ரோ டச்சு வார்ம்பிளட். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் வென்ற டலேரா டிரேக்கேனர் பெண் குதிரை. உச்சத்தில் போட்டியிடுபவருக்கு இவற்றுக்கு ஈடு காண்பது அரிது.

ஆனால் நம் இடத்தையும் பார்க்க வேண்டும். டிரெஸ்ஸாஜ் களத்தின் சிறிய அளவு 40 மீட்டருக்கு 20 மீட்டர். அதற்கே ஏறக்குறைய இருபது சென்ட் நிலம் வேண்டும். 60 மீட்டர் நீளமுள்ள முழுக்களத்துக்கு முப்பது சென்ட் ஆகும். வாழையும் தென்னையும் நெருங்கி நிற்கும் நம் ஊரில் முப்பது சென்ட்டைச் சமன்படுத்தி மணல் பரப்பக்கூடியவர் எத்தனை பேர்? சிறிய களத்தின் மூலைகளில் 17 கை உயரமுள்ள நீண்ட குதிரையைத் திருப்புவதற்குள் தொடக்கநிலைச் சவாரிக்காரர் தவித்துப்போவார். ஒரு கை என்பது நான்கு அங்குலம். பதினைந்தரையிலிருந்து பதினாறு கை வரையுள்ள, உடல் திரண்ட குதிரை போதும்.

அடுத்தது தட்பவெப்பம். நம் மாவட்டம் இரண்டு பருவமழைகளையும் பெறுவதால், மழை இல்லாத நாட்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. குதிரை தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் வியர்த்துத்தான் தணித்துக்கொள்கிறது. ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்தோடுவதால் சூடு தணிவதில்லை. நாள்பட நாள்பட சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோவதும் உண்டு. தோல் உலர்ந்து, மூக்குத்துளை விரிந்து, நிழலில் நிறுத்திய பிறகும் மூச்சு வாங்கும். 38 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய உடல் வெப்பம் 40-ஐத் தாண்டும். இது தரோபிரெட்டுக்கும் வரக்கூடியதுதான். ஆனால் இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த குதிரையானால், அது கோடைகளை எப்படிக் கழித்தது என்று முந்தைய உரிமையாளரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். குளிர்நாட்டிலிருந்து நேரே வந்திறங்கும் குதிரையைப் பற்றி அப்படி விசாரிக்க வழியில்லை.

அப்படியானால் நம் நாட்டு இனங்களான மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் போதாதா என்று கேட்பார்கள். வளைந்த காதும் நிமிர்ந்த கழுத்துமாக நிற்கும் மார்வாரியின் அழகிலும் துணிச்சலிலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அது வறண்ட வெயிலுக்குப் பழகிய இனம். நம் வெயில் ஈரவெயில். அதைவிட முக்கியமாக, பல மார்வாரிகளுக்கு ரேவால் என்னும் நடை பிறவியிலேயே உண்டு. சவாரிக்காரரின் உடல் குலுங்காத சுகமான நடை அது. டிரெஸ்ஸாஜிலோ டிராட் என்பது முன் வலக்காலும் பின் இடக்காலும், முன் இடக்காலும் பின் வலக்காலும் சேர்ந்து விழும் இரண்டு தாள நடை. நான்கு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழ வேண்டும். ரேவாலில் ஊறிய குதிரை அவசரப்படுத்தினால் ரேவாலுக்கே நழுவிவிடும், தாளம் கெட்டு மதிப்பெண்ணும் போய்விடும். ரேவால் இல்லாத, முதுகை இளக்கி நடக்கும் மார்வாரி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

திருவிழாக்களில் மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரையைக் காட்டி, இதுவும் டிரெஸ்ஸாஜ்தானே என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கால் மாற்றும் பியாஃபேயைப் போல அது தோன்றும். கூர்ந்து பாருங்கள். பியாஃபேயில் பின்புறம் தாழ்ந்து, முதுகு உயர்ந்து, வாய் அமைதியாக இருக்கும். ஆடும் குதிரையிடம் பெரும்பாலும் முதுகு குழிந்து, தலை மேலேறி, வால் பதற்றத்தில் அடித்துக்கொண்டிருக்கும். கடிவாளம் என்றாலே வலி என்று கற்றுவைத்த அந்த வாயிடம் மென்மையான தொடர்பை மீண்டும் கற்பிப்பது, அனுபவம் உள்ளவருக்கே நெடுநாள் வேலை.

தரோபிரெட்டிடமும் குறை இருக்கிறது. பந்தயத்துக்குப் பழகியது என்பதால் கடிவாளத்தில் சாய்ந்து வேகமெடுக்கும். உடல் எடை முன்னங்கால்களில் விழும். சவாரிக்காரரின் கால் சைகைகள் அதற்குப் புதியவை. இவையெல்லாம் பொறுமையாகப் பயிற்றினால் மாறக்கூடியவை. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி டிரெஸ்ஸாஜில் வெண்கலம் வென்றபோது ஹில்டா கர்னி சவாரி செய்த கீன் ஒரு தரோபிரெட்தான்.

மாற்றுவதற்கு மிகக் கடினமானது மெதுநடை. டிராட்டைப் பயிற்சியால் வளர்க்கலாம். மெதுநடையைக் கெடுப்பது எளிது, திருத்துவது அரிது. ஆகவே வாங்கப் போகும்போது ஓட்டத்தைக் காட்டச் சொல்வதற்கு முன், ஈர மணலிலோ மழை பெய்த செம்மண்ணிலோ குதிரையைக் கயிற்றைத் தளரவிட்டு நடத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிறகு குனிந்து குளம்படிகளைப் பாருங்கள். முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி அதே பக்கத்துப் பின்னங்கால் ஓர் அடியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ முன்னே விழுந்திருந்தால் நல்ல நடை. தடத்துக்குப் பின்னாலேயே விழுந்தால், முதுகு இறுகியிருக்கிறது அல்லது எங்கோ வலி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான்கு அடிகளும் சம இடைவெளியில் ஒலிக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து கேட்டால் வாங்க வேண்டாம்.

நம் பக்கத்துத் தரகர்கள் சுழி பார்த்து விலை சொல்வார்கள். சுழி சரியில்லை என்று ஒதுக்கிய குதிரை நன்றாக நடந்தால் அது உங்களுக்கு நல்ல காலம். விலையும் இறங்கி வரும்.

கடைசியாக முன்னங்கால்கள். முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநாரை விரலால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். இரண்டு காலிலும் அது ஒரே அளவில், வீக்கமோ சூடோ இல்லாமல், கயிறு போல நேராக இருக்க வேண்டும். பந்தயக் குதிரைக்கு முதலில் பழுதுபடும் இடங்களில் அதுவும் ஒன்று. ஐயம் இருந்தால் குதிரை மருத்துவம் அறிந்தவரை அழைத்துச்சென்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். காலை இளவெயிலில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை சவாரி செய்து பாருங்கள். இரண்டாவது சவாரி முடிந்து எவ்வளவு நேரத்தில் மூச்சு இயல்புக்கு வருகிறது என்று கவனியுங்கள். வாங்கிய பிறகு சில வாரங்கள் சேணம் போடாமல் மேயவிட்டு, பந்தய லாயத்தின் தானியத் தீனியைக் குறைத்து, புல்லைக் கூட்டி, அதன் பிறகு மெதுநடையிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்.