இபி லைன் இல்லாத தோட்டத்து வீடு: கரண்ட், தண்ணீர், கழிவு

மேலூர், அழகர்கோவில் பக்கம் தோப்புக்குள் ஓர் அறை கட்டித் தங்க நினைப்பவர்கள் முதலில் சோலார் பேனல் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் ஓர் இரவுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் என்று எழுதிப் பாருங்கள். 30 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 300 வாட்-அவர். 9 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரத்துக்கு 135. போன் சார்ஜ் 20. மொத்தம் 455, அரை யூனிட்டுக்கும் குறைவு. 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி கொள்வது 1800 வாட்-அவர். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் நம் கைக்கு 900தான். மழை மூட்டத்தில் இரண்டு இரவு தாங்கும்.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்பேன். சும்மா ஆன் செய்து வைத்தாலே 10, 15 வாட் எடுக்கும்; நாள் முழுக்கச் சேர்த்தால் ஃபேன் செலவுக்குச் சமம். பேட்டரியில் நேரடியாக ஓடும் 12 வோல்ட் டிசி ஃபேன், பல்பு போதும். ஆனால் ஒயரில் கஞ்சம் கூடாது. பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தள்ளி 60 வாட் ஓட்டினால், 1 சதுர மி.மீ. ஒயரில் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஃபேன் தள்ளாடும். 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

பேனல் 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும் 36 செல் உள்ளதாக, 200 வாட் அளவில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று 335 வாட் பெரிய பேனலைச் சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில் (பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாட்டினால் 120 வாட்தான் வரும், அதற்குக் கூடுதல் வோல்ட்டை வீணாக்காத எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும். தென்னங்கீற்று நிழல் ஓரத்தில் விழுந்தாலும் வரத்து சரியும். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். போர் தண்ணீர் அதைக் கெடுக்கும்.

தண்ணீர்: இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்றால் 1000 லிட்டர் டேங்க் பத்து நாள் வரும். 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 200 லிட்டர் இறங்கும். முதல் 40 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள், மயில் எச்சமெல்லாம் அதில்தான் வரும். 1000 லிட்டர் நிறைந்த டேங்கில் 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

கழிவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஃப்ளஷ் டேங்க் வைத்தால் ஒரு தடவைக்கே 6 முதல் 10 லிட்டர். சரிவு அதிகமுள்ள கிராமத்து பேசினுக்கு 2 லிட்டர் போதும். தண்ணீரும் மிஞ்சும், குழியும் சீக்கிரம் நிரம்பாது. மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டு குழி, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், இடையில் ஒரு மீட்டர். சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, அடியை மண்ணாகவே விடுங்கள். செம்மண்ணில் இதுவே போதும். திருமங்கலம், கள்ளிக்குடி கரிசலில் மண் மழைக்கு ஊதி அடைத்துக்கொண்டு நீரை உறிஞ்சாது. குழியைச் சுற்றி 30 செ.மீ. மணல் நிரப்பியே ஆக வேண்டும். கோடையில் அதே கரிசல் வெடித்துக் கழிவு நீருக்கு வழி விடும், அதனால் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். குளிக்கிற தண்ணீரைக் குழிக்கு விடாமல் கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். குழிக்குள் ஃபினாயில், ஆசிட் போகக் கூடாது. மலத்தை மக்க வைக்கும் கிருமிகள் செத்துவிடும்.

பேசினிலிருந்து வரும் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற பிரிப்புத் தொட்டியில் ஒரு வழி எப்போதும் அடைபட்டிருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழியும் சேர்ந்தே நிரம்பும். நிரம்பியதை இரண்டு வருடம் மூடி வைத்தால் உலர்ந்த எருவாக அள்ளலாம். வழியை அடைக்கும் செங்கல்லுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். களிமண் போதும், அடுத்த முறை பெயர்த்தெடுக்க வேண்டியதுதானே.