கோத்தகிரிக் கல்லும் பிராங்கிய வாளும்

கோத்தகிரியில் மழை ஓய்ந்த பின் சாலையோரம் சரிந்து கிடக்கும் பாறைத் துண்டுகளில் மிளகளவுச் சிவப்பு மணிகள் தெரியும். என் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படியொரு கல்லை எடுத்து வந்து, "மிஸ், இது மாணிக்கமா?" என்று கேட்டாள். தென்கடலோரத் தாதுமணல் செய்திகளில் அடிபடும் அதே கார்னெட் என்ற செந்நிறக் கனிமம்தான் அது. நீலகிரியின் சார்னோகைட் பாறையில் இயல்பாகவே கலந்திருக்கிறது. (அந்தப் பாறைக்குப் பெயர் வந்ததும் கல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து என்பது வேறு கதை.)

அந்தக் கேள்விதான் ஐரோப்பாவின் தொடக்க இடைக்கால ஆயுதங்களையும் நகைகளையும் பற்றிப் படிக்க என்னைத் தூண்டியது. 481ஐ ஒட்டி இறந்த, பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தவரின் அரசன் சில்டெரிக்கின் கல்லறை, 1653இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் வெளிப்பட்டபோது, அவனுடைய வாளின் அணிகலன்களில் செந்நிறக் கார்னெட் பதிந்திருந்தது. 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுத்த கப்பற் கல்லறையிலும் அதே வேலைப்பாடு கிடைத்தது. பொன்தகட்டால் சிறு அறைகள் கட்டி, அடியில் நுண்கோடுகள் பதித்த பொன்னிதழை விரித்து, அதன்மேல் மெல்லிய வில்லையாக அறுத்த கல்லை வைத்திருக்கிறார்கள். கல்லை ஊடுருவும் ஒளி அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்புவதால் இருண்ட கல்லும் கனலாகிறது. கெம்புக் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடும் நம் ஆசாரிகளுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கற்கள் எங்கிருந்து போயின என்பதற்கு விடை பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தின் அடித்தளத்திலுள்ள துகள் முடுக்கியில் கிடைத்தது. நகையிலிருந்து கல்லைப் பெயர்க்காமல், சுரண்டாமல், புரோட்டான் கற்றையை அதன்மேல் செலுத்தினால், கல்லிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய ஆற்றலுடைய எக்ஸ் கதிரை வெளியிடும். இரும்பு, மக்னீசியம், மாங்கனீசு, கால்சியம் ஆகியவற்றின் விகிதம் கார்னெட்டின் வகையைச் சொல்லும். குரோமியம், இட்ரியம் போன்றவற்றின் நுண்ணிய அளவுகள் அது பிறந்த பாறையை நெருங்கிச் சுட்டும். ஆய்வாளர் தாமா காலிகாரோவும் அவருடைய குழுவினரும் பாரிஸுக்கு அருகிலுள்ள சாந்தெனி பேராலயக் கல்லறைகளின் நகைகள் உட்படப் பலவற்றை இவ்வாறு ஆராய்ந்து, 5, 6ஆம் நூற்றாண்டுக் கற்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்றும், 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய நகைகளில் இன்றைய செக் நாட்டிலுள்ள போகேமியாவின் சிறிய கற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்றும் காட்டினர். செங்கடல் வழி வாணிபம் தளர்ந்ததே காரணம் என்று கருதுவோர் உண்டு.

நம்மவர்கள் பெருமையுடன் பகிர்ந்துகொள்வது கல்லின் கதையை அன்று, எஃகின் கதையை. உல்ஃபெர்ட் என்ற பெயர் பொறித்த வடஐரோப்பிய வாள்களில் சிலவற்றை உலோக ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் ஆராய்ந்தபோது, மூசையில் உருக்கிய எஃகைப் போன்ற மிகுகார்பன் எஃகு தென்பட்டது. உடனே தமிழகத்தின் பண்டைய தொழிலூரான கொடுமணலின் உலைகளிலிருந்து வைக்கிங்குகளுக்கு ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறோம். அவர் கருதிய வழியோ மத்திய ஆசியாவிலிருந்து வோல்கா ஆற்றின் வழியாகச் செல்வது. மேலும், 9ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் அந்த வாள்களுக்கும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய கொடுமணல் உலைகளுக்கும் காலமே பொருந்தவில்லை. எனக்கு இந்த அவசரம் உறுத்துகிறது. கார்னெட்டுக்கு இருப்பதைப் போன்ற அளவுச் சான்று கையிலிருக்கும்போது, இல்லாத ஒன்றை ஏன் கட்டி எழுப்ப வேண்டும்?

அதே கட்டுப்பாடு எனக்கும் பொருந்தும். அந்த ஆய்வில் வரும் இந்தியா என்ற சொல்லை என் மலை என்று படிக்க எனக்கு உரிமையில்லை. ஆகவே மாணவி கொண்டுவந்த கல்லை ஆய்வகத்து அலமாரியில் வைத்து, "கார்னெட், சார்னோகைட் பாறையில், கோத்தகிரி" என்று மட்டும் சீட்டெழுதி ஒட்டியிருக்கிறேன்.