பூட்டு உடையவே இல்லை, ஆனால் கடை திறந்து கிடந்தது

காலை ஐந்தரைக்குப் பக்கத்து டீக்கடை அண்ணன்தான் போன் பண்ணினார். "ஷட்டர் வயிறு மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது, வாங்க."

திண்டுக்கல் பக்கம் சின்னதாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் போட்டிருந்த பூட்டுகள் நான் பூட்டியபடியே தொங்கின. நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒன்றரை அடி சந்து உண்டாக்கி உள்ளே போயிருக்கிறார்கள். காப்பர் ஒயர் காயில்கள்தான் குறி. தொண்ணூறு மீட்டர் காயில், ஒண்ணரை எம்.எம்., ரெண்டரை எம்.எம்., ஒன்று விடவில்லை. போகிற போக்கில் கல்லாவுக்குக் கீழே இருந்த, கேமரா படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியையும் தூக்கிவிட்டார்கள். கேமரா நாலும் சுவரில் பத்திரமாக இருந்தன!

ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீது, மறுநாள் எஃப்ஐஆர். எஃப்ஐஆர் நகலைக் காசில்லாமல் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் ஏமாந்தது என் தப்புதான். பேங்க் லோனுக்காக எடுத்த பாலிசி தீ விபத்துக்கு மட்டும். திருட்டுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். பேப்பரைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாகல் நகரில் பூட்டு செய்கிற பெரியவரிடம் போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மெஷினில் செய்து வரும் அலிகார் பூட்டு விலையில் அடித்துவிடுவதால், கையால் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர் சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பி, காதருகே வைத்து உள்ளே லிவர் தகடுகள் விழுகிற சத்தத்தைக் கேட்டார்.

"பூட்டுல குத்தம் இல்ல தம்பி. ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு வயித்த விட்டுட்டீங்க."

அதற்குப் பிறகுதான் ஷட்டரையே ஒழுங்காகப் பார்த்தேன். தகடு 22 கேஜ். கேஜ் நம்பர் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது, தினமும் ஒயர் விற்கிற எனக்குத் தெரியாமல் போனது வெட்கம்தான். 18 கேஜில் புது ஷட்டர் போட்டேன். இரண்டு பக்கச் சேனலையும் ஆழமாக்கி, அடி ஆங்கிளையும் கனமாக மாற்றினோம். நடுவிலும் ஒரு பூட்டு மாட்டத் தரையை அரை அடி குடைந்து, கால் விரித்த யு கம்பியை இறக்கி கான்கிரீட் போட்டோம். பூட்டின் வளையத்துக்கு கட்டர் எட்டாதபடி சுற்றிலும் தகட்டில் ஒரு பெட்டி. வெல்டிங் அண்ணன் பெட்டியை முதலில் சின்னதாக அடித்துவிட்டார், பூட்டு உள்ளே போனது, சாவி பிடித்த கை போகவில்லை. வெட்டி மறுபடி அடித்தார். கான்கிரீட் இறுகும்வரை மூன்று ராத்திரி கடைக்குள்ளேயே படுத்தேன். கொசு பிடுங்கித் தின்றது.

பின்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் கிரில் இருந்தது. அதன் ஸ்க்ரூ தலை எல்லாம் வெளிப்பக்கம்! ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், ஜாக்கியே தேவைப்பட்டிருக்காது. இப்போது நட்டு உள்பக்கம் வருகிற மாதிரி போல்ட் போட்டு, நட்டை வெல்டும் வைத்தாயிற்று. டிவிஆர் பரண் மேலே பூட்டின இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. காற்றுக்கு ஓட்டை போட மறக்காதீர்கள், எனக்கு முதல் வாரமே சூடாகி நின்றது.

ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார் வைத்த சைரன் வாங்கினேன். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலறி, தெருவே எழுந்து வந்தது. சென்சார் கண் மேலேயே பல்லி உட்கார்ந்திருந்தது. இப்போது ஷட்டர் தூக்கினால் மட்டும் அடிக்கிற காந்த சுவிட்ச்.

சாவிக் கணக்கு எடுத்தபோதுதான் வயிறு கலங்கியது. பழைய பூட்டுக்கு ஐந்து சாவி, கையில் இருந்தது நாலு. காணாத அந்தச் சாவி, இரண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டுப் போன பையனிடம் போயிருக்கலாம். அவன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. வாங்கி வைக்காதது நான்தான். புதுப் பூட்டுக்குப் பெரியவர் மூன்று சாவிதான் கொடுத்தார். நாலாவது கேட்டதற்கு, "யாருக்கு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய இரண்டு பூட்டும் இப்போது வீட்டுக் குடோன் கதவில் தொங்குகின்றன. ஒரு கீறல் இல்லை.