பிழையும் ஒன்றாக இருந்தால்

நகல் கொலையாளி கதை, அதாவது பழைய கொலையைப் பார்த்து அதேபோல் கொல்பவனின் கதை என்றால் எழுதியவர் யார் என்றுகூடப் பார்க்காமல் கையில் எடுத்துவிடுவேன். மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. மூலப்படியையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடும் எனக்கு, இந்தக் கதைகளில் வரும் துப்பறிவாளர் கிட்டத்தட்ட சக ஊழியர்.

பத்திரிகைக்குச் சொல்லாமல் காவல்துறை ஒளித்துவைத்த ஒரு தகவலில்தான் இந்த வகைக் கதையின் உயிர் இருக்கிறது. செய்தியைப் படித்து நகலெடுப்பவனுக்கு அது தெரியாது, அங்கே சறுக்குவான். இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். பழைய கொலையில் கழுத்தில் இருந்தது நைலான் கயிறு, செய்தியில் சணல் என்று தவறாக வந்துவிட்டது என்று வையுங்கள். புதிய பிணத்தின் கழுத்திலும் சணல் என்றால் முடிந்தது கதை. இரண்டு படிகளில் சரியான வரி ஒன்றாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. பிழையும் ஒன்றாக இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கிறது.

நிஜத்தில் இங்கிலாந்துக் காவல்துறை இதையே தலைகீழாகச் செய்து கெட்டது. யார்க்‌ஷயர் தொடர் கொலைகளின்போது 1978-79இல் 'நான்தான் கொலையாளி' என்று கடிதங்களும் ஓர் ஒலிநாடாவும் வந்தன. அதில் இருந்த சில விவரங்கள் கொலையாளிக்கு மட்டுமே தெரியும் என்று விசாரணைக் குழு நம்பியது. அவை ஏற்கெனவே பத்திரிகையில் வந்தவை! நாடாவில் கேட்ட சண்டர்லண்ட் வட்டாரப் பேச்சைத் துரத்திப் போனார்கள். அந்தப் பேச்சு இல்லாத உண்மையான கொலையாளி பீட்டர் சட்கிளிஃப் 1981 ஜனவரியில்தான் பிடிபட்டான். கடிதம் எழுதியவன் மாட்டியது 2005இல், உறையில் இருந்த எச்சிலின் டிஎன்ஏவால்.

முன்னோடிக் கொலையாளியைத் தெய்வமாகக் கும்பிட்டு, சுவரெல்லாம் செய்தித் துணுக்கு ஒட்டி வைத்திருப்பவன் எனக்குச் சலித்துவிட்டான். ஸ்டெல்லா நிக்கல் மாதிரி ஆள்தான் பயமுறுத்துகிறார். 1982இல் சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். 1986இல் வாஷிங்டன் மாநிலத்தில் அவர் அதே வழியில் கணவரைக் கொன்றார். மருத்துவர்கள் இயற்கை மரணம் என்று சொல்லிவிட்டார்கள். விபத்து மரணம் என்றால்தான் காப்பீட்டுப் பணம் கூடுதல். அதனால் விஷம் கலந்த புட்டிகளைக் கடைகளிலும் வைத்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் இறந்தார். ஆய்வகத்தில் சயனைடோடு பச்சைத் துகள்கள் கிடைத்தன. மீன்தொட்டியில் பாசியைக் கொல்லப் போடும் மருந்து அது. அவர் வீட்டில் மீன்தொட்டி இருந்தது. இப்படி ஒரு தடயத்தை நாவலில் எழுதினால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

சரி, இப்போது முடித்த நாவலுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், படிக்கிறவர்கள் படிக்கட்டும். பாதிவரை அருமை. புதிய கொலைகள் பழையவற்றோடு அச்சு அசலாக ஒத்துப்போகின்றன, ஒளித்துவைத்த தகவல் உட்பட. அப்படியானால் சந்தேகம் வழக்குக் கோப்பைத் தொட்ட சிலர்மேல்தான் விழ வேண்டும். ஆசிரியர் அந்தச் சிலரை முன்பே நம் கண்முன் நடமாட விட்டிருந்தால் நியாயமான ஆட்டம். கடைசி அத்தியாயத்தில் ஆவண அறை எழுத்தர் ஒருவர் கைவிலங்கோடு நிற்கிறார். அவர் முன்னால் எங்கே வந்தார் என்று பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன். ஒரு வரியில்கூட இல்லை.